பனிக்கால முற்றத்தில் மான்கள்



மானை நாம் வெயிலோடு சேர்த்தே நினைத்துப் பழகியவர்கள். வன்னிப் பகுதியிற் பயணஞ் செய்தவர்கள், குளக்கட்டின் ஓரத்திலே புள்ளிமான் கூட்டமொன்று தலைநிமிர்ந்து பார்த்து நின்ற காட்சியை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். திருகோணமலைக்குச் சென்றவர்கள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், பிரட்றிக் கோட்டையின் மரநிழல்களில் அவை அச்சமின்றி உலாவக் கண்டிருப்பார்கள். ஆனால், வெண்பனி முழங்காலளவு மூடிக் கிடக்க, இலையற்ற மரங்களினிடையே, மூச்சுப் புகைபோல் எழ நிற்கும் மானை நம்மிற் பலர் கண்டதில்லை. அத்தகைய மான்களை ஒரு குளிர்காலம் முழுவதும் வீட்டு யன்னலினூடாகப் பார்த்திருக்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிட்டியது. கண்டவற்றையும், கண்டவற்றுக்குக் காரணம் விசாரித்து அறிந்தவற்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில் வெர்மொன்ற் என்றொரு சிறு மாநிலம் உண்டு. மலையும் காடும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த நாட்டுப்புறம் அது. அங்கே என் மகள் குடும்பத்தோடு வாழ்கிறாள். அவர்களுடைய வளவின் பின்புறம் ஒரு பழைய அப்பிள் தோட்டம். அதற்கப்பால் ஒரு சரிவு. சரிவின் அடியில் எம்லொக் என்னும் ஊசியிலை மரங்கள் அடர்ந்த ஒரு சோலை. நான் கார்த்திகை மாதத்திற் போய்ச் சேர்ந்தேன். மார்கழி பிறந்தபோது பிற்பகல் நாலேகால் மணிக்கே சூரியன் மறைந்தது. வெளியே நடக்க முடியாத கிழவனுக்கு யன்னல் ஒன்றே உலகம். அந்த யன்னலுக்கு நாள்தோறும் விருந்தினர் வந்தனர்.

மாலை மங்கும் வேளையில் முதலில் ஒரு பெண்மான் சோலையின் விளிம்பில் தோன்றும். உடனே வெளியே வராது. ஒரு முன்காலை உயர்த்தி நிலத்தில் தட்டும். மூக்கை உயர்த்திக் காற்றை மோந்து பார்க்கும். செவிகளை ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாகத் திருப்பும். ஐயம் நீங்கிய பின்னரே நடக்கத் தொடங்கும். அதன் பின்னே, அது வைத்த அடியிலேயே அடிவைத்து, மற்றவை ஒன்றன்பின் ஒன்றாய் வரும். அன்று வந்தவை ஐந்து. மூத்த பெண்மான் ஒன்று. அதன் முந்திய ஆண்டுக் கன்றாகிய இளம் பெண்மான் ஒன்று. அவ்வாண்டு பிறந்த கன்றுகள் இரண்டு. சற்றுத் தள்ளித் தனியே வரும் ஓர் ஆண்மான். கன்றுகளில் ஒன்றுக்கு இடச் செவியின் நுனி கிழிந்திருந்தது. மற்றதைவிட அது உருவிற் சிறியது. பேர்த்தி அதற்குக் ‘கிழிசெவி’ என்று பெயரிட்டாள்.

இவை வெண்வால் மான்கள் எனப்படும் இனம். வாலின் அடிப்புறம் பாலென வெண்மையானது. அச்சமுற்றால் வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடும். அப்போது வெண்கொடி ஒன்றை அசைத்துச் செல்வதுபோலிருக்கும். நம் நாட்டுப் புள்ளிமானுக்கு வாழ்நாள் முழுவதும் புள்ளிகள் உண்டு. வெண்வால் மானுக்கோ கன்றுப் பருவத்தில் மட்டுமே புள்ளிகள். முதற் குளிர்காலம் வருமுன் அவை மறைந்துவிடும். கோடையில் செம்பழுப்பாயிருக்கும் உடல், குளிர்காலத்தில் மரப்பட்டையின் சாம்பல் நிறத்தை அடைகிறது. அசையாது நின்றால், பத்தடி தூரத்திலும் மானெது மரமெது என்று கூறல் அரிது.

அந்தச் சாம்பல் நிறப் போர்வை வெறும் மறைவுக்காக ஏற்பட்டதன்று. மேலே நீண்டு தடித்த உரோமம். அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்றறைகள் கொண்டது. அதன் கீழே மெல்லிய கம்பளிபோன்ற அடியுரோமம். இவ்விரண்டுக்குமிடையே அகப்பட்ட காற்று உடற்சூட்டை வெளியே விடுவதில்லை. ஒரு நாள் காலை, இரவெல்லாம் பெய்த பனி மூத்த மானின் முதுகில் ஈரங்குலம் படிந்து, சற்றும் உருகாமல் அப்படியே இருக்கக் கண்டேன். “ஐயோ, குளிர்ந்துபோய்விட்டதே” என்று இரங்கினேன். உண்மை வேறு. பனி உருகாமையே அம்மான் தன் சூட்டைச் சிறிதும் இழக்கவில்லை என்பதற்குச் சான்று.

ஆண்மானின் கொம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சென்றபோது எட்டுக் கிளைகளோடு விளங்கிய கொம்பு, தைப் பொங்கல் கழிந்த மறுவாரம் ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. பின்னர் அதுவும் காணாமற்போயிற்று. மாட்டின் கொம்பு சாகும்வரை இருப்பது. மானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைப்பது. கார்த்திகை நடுவில் இனச்சேர்க்கைப் பருவம் முடிந்ததும் ஆணின் உடலிற் சுரக்கும் ஊக்கிநீர் குறைகிறது. கொம்பின் அடியெலும்பு கரைந்து நெகிழ்கிறது. பனியின்மேல் கொம்பு உதிர்கிறது. உதிர்ந்த கொம்பை எலிகளும் அணில்களும் சுண்ணாம்புச் சத்துக்காகக் கறித்துத் தின்றுவிடும். நம் புள்ளிமான்கள் ஆண்டின் எம்மாதத்திலும் ஈனக்கூடியவை. அந்நாட்டிலோ, பகற்பொழுது குறுகுவதை அறிந்து எல்லா மான்களும் ஏறத்தாழ ஒரே காலத்திற் கூடுகின்றன. கருக்காலம் ஏறக்குறைய 200 நாள். ஆகவே கன்றுகள் வைகாசியிறுதியில், தளிரும் புல்லும் மலிந்த வேளையிற் பிறக்கின்றன. முந்திப் பிறந்தால் குளிருக்கு இரை. பிந்திப் பிறந்தால் அடுத்த குளிர்காலத்துக்குமுன் உடல் தேறக் காலம் போதாது. கிழிசெவி பிந்திப் பிறந்த கன்றாயிருக்கவேண்டும் என்று பின்னர் எனக்குச் சொல்லப்பட்டது.

குளிர்காலத்தில் இம்மான்கள் எதைத் தின்று வாழ்கின்றன? புல் பனியின் கீழ்ப் புதையுண்டது. இலை உதிர்ந்துவிட்டது. எஞ்சியவை மரங்களின் சிறு குச்சிகளும் அரும்புகளும் ஊசியிலைகளுமே. மேப்பிள் மரத்தின் நுனிக் கொப்புகளையும் எம்லொக் தழையையும் அவை கடித்திழுத்துத் தின்றன. மானுக்கு மேற்றாடையில் முன்பற்கள் கிடையா. கீழ்ப்பற்களால் மேலண்ணத்தோடு அழுத்திப் பிய்க்கும். ஆகவே மான் கடித்த குச்சியின் நுனி நார்நாராய்க் கிழிந்திருக்கும். முயல் கடித்த குச்சியோ கத்தியாற் சாய்வாகச் சீவியதுபோலிருக்கும். பேர்த்தியும் நானும் வெயிலடித்த ஒரு நாள் வேலியோரம் நடந்து, “இது மான், இது முயல்” என்று குச்சிகளைப் பார்த்துப் பிரித்தறிந்தோம். மான் படுத்த இடத்தையும் கண்டோம்: பனியில் முட்டை வடிவான பள்ளம், உடற்சூட்டால் அடிப்பகுதி சற்றே உருகிக் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. ஐந்து பள்ளங்கள். இரண்டு சிறியவை.

ஆனால், குச்சியும் அரும்பும் உடலை வளர்க்கப் போதுமான உணவல்ல. உண்மையில் மான் குளிர்காலத்தை வெல்வது உண்ணுதலால் அன்று, சிக்கனத்தால். இலையுதிர்காலத்தில் ஓக்கு மரத்தின் விதைகளையும் அப்பிளையும் தின்று தோலின் கீழும் குடலைச் சூழவும் கொழுப்பைச் சேமிக்கிறது. குளிர் தொடங்கியதும் அதன் உடலின் வேலைகள் யாவும் தணிகின்றன, வேட்கையே குறைகிறது. வேலிக்குள் வைத்து வளர்க்கப்பட்ட மான்களுக்கு வேண்டியமட்டும் உணவு கொடுத்தபோதும் அவை குளிர்காலத்திற் குறைவாகவே உண்டன என்று ஆராய்ந்தோர் கண்டிருக்கின்றனர். நல்ல உடல்நிலையிலுள்ள மான் தன் எடையில் ஐந்திலொரு பங்கை இழந்தும் இளவேனிலைக் காணும். மூன்றிலொரு பங்குக்கு அண்மையில் இழந்தால் பிழைத்தல் அரிது. கன்றுகளின் நிலையே இரங்கத்தக்கது. அவை வளரவும் வேண்டும், சேமிக்கவும் வேண்டும்; ஒரே வரவில் இரண்டு செலவு. ஆகையால் அவற்றின் சேமிப்பு எப்போதும் சிறிது.

சிக்கனத்தின் மற்றொரு பகுதி இடத்தைத் தெரிந்தெடுத்தல். பனி ஆழமாகியதும் மான்கள் திறந்தவெளியை விட்டு, எம்லொக் போன்ற என்றும் பசுமையான மரங்கள் அடர்ந்த சோலைகளில் ஒதுங்குகின்றன. அம்மரங்களின் கவிகை பனியைத் தாங்கிக்கொள்வதால் அடியில் ஆழங் குறைவு, காற்றும் அடங்கியிருக்கும். மான்கள் மீண்டும் மீண்டும் நடந்து அச்சோலைக்குள் ஒற்றையடிப் பாதைகளை மிதித்து வைக்கின்றன. நாயோ கொயோற்றி என்னும் காட்டுநாயோ துரத்தினால் ஓடுவதற்கு அப்பாதைகளே வழி. வெர்மொன்ற் காடுகளில் இத்தகைய குளிர்காலப் புகலிடங்கள் பத்திலொரு பங்குக்கும் குறைவே. அந்தச் சிறு பங்கு வெட்டப்பட்டால், எஞ்சிய பெருங்காடு கோடையில் எவ்வளவு செழித்தாலும் மானுக்குப் பயனில்லை.

குளிர்காலத்தின் கொடுமையை அளக்க அம்மாநில வனவிலங்குத் திணைக்களத்தார் ஓர் எளிய கணக்கை வைத்திருக்கின்றனர். டிசெம்பர் 1 முதல் ஏப்ரில் 15 வரை, நிலத்தில் பனி 18 அங்குலமோ அதற்கு மேலோ கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. வெப்பநிலை பரனைற்று அளவில் சுழியத்துக்கோ அதன் கீழோ இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. சுழியம் என்பது நாம் வழங்கும் சென்ரிகிறேற் அளவில் ஏறக்குறைய 18 பாகை உறைநிலைக்குக் கீழ். மொத்தப் புள்ளி ஏறினால், மான்கள் மிகுதியாக இறந்திருக்கும் என்றும், அடுத்த ஆண்டு வேட்டைக்குரிய உத்தரவுகளைக் குறைக்கவேண்டும் என்றும் கொள்வர். நானும் ஒரு கொப்பியில் இக்கணக்கை எழுதிவந்தேன். தை மாத முடிவில் என் கொப்பியில் 31 புள்ளிகள் இருந்தன.

அப்பொழுதுதான் பேர்த்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள். கிழிசெவி அப்பிள் மரத்தடியிற் பின்கால்களில் எழுந்துநின்று எட்டாத கொப்பொன்றை எட்டப் பார்த்துக்கொண்டிருந்தது. விலாவெலும்பு உரோமத்தின்மேலேயே தெரிந்தது.

“அம்மப்பா, அதுக்குப் பசிக்குமோ?”

“பசிக்கும், பிள்ளை.”

“அப்ப நாங்கள் ஏன் ஒண்டும் குடுக்கேல்லை?”

காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பின்னரே தானுண்ணும் வீட்டிற் பிறந்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. கோழிகளுக்கென வாங்கிவைத்த உடைத்த சோளம் அரைச்சாக்கு அறையில் இருந்தது. ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு, கம்பளியும் சப்பாத்தும் அணிந்து, பின்வாயிலைத் திறந்தேன். அந்நேரம் பால் கொண்டுவந்த அயல்வீட்டு அம்மையார் முற்றத்தில் நின்றார். எழுபது ஆண்டு அவ்வூரிலேயே வாழ்ந்தவர். கணவரோடு மாட்டுப் பண்ணை நடத்தியவர். வாளியைப் பார்த்தார், மானைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“ஐயா, அதை மானுக்கா கொண்டுபோகிறீர்கள்?” என்று கேட்டார். ஆம் என்றேன். “அப்படியானால் அந்தக் கன்றை நாளை மறுநாள் நாம் புதைக்கவேண்டியிருக்கும்” என்றார்.

அவர் அன்று அடுப்பங்கரையில் அமர்ந்து சொன்னதையும், பின்னர் நான் நூல்களிற் படித்துத் தெளிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மானின் வயிறு, ஆட்டின் வயிற்றைப்போல், நான்கு அறைகள் கொண்டது. முதலறையாகிய பெருவயிற்றிலே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. குச்சியையும் தழையையும் புளிக்கச்செய்து மானுக்குரிய உணவாக மாற்றுபவை அவையே. எந்த உணவு வருகிறதோ அந்த உணவுக்கேற்ற நுண்ணுயிர்களே பெருகியிருக்கும். குளிர்காலத்தில் நார்ப்பொருளைச் சிதைக்கும் வகைகள் மிகுந்திருக்கும். இந்நிலையில் மாச்சத்து மிக்க சோளம் திடீரென உள்ளே போனால், இதுவரை சிறுபான்மையாயிருந்த வேறு பற்றீரியாக்கள் கட்டின்றிப் பெருகி இலற்றிக்கமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் ஏறியதும் பழைய நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிற்றின் உட்சுவர் வெந்து புண்ணாகிறது. இரத்தத்திலும் அமிலங் கலக்கிறது. மான் தள்ளாடும்; படுக்கும்; ஒன்றிரண்டு நாளிலோ மூன்றாம் நாளிலோ இறக்கும். வயிறு நிறைய உணவோடு இறக்கும்.

புல்வைக்கோலும் அவ்வாறே உதவுவதில்லை. குச்சிக்குப் பழகிய வயிறு அதனை விரைவிற் செரிக்காது. வயிறு வைக்கோலால் நிறைந்திருக்கப் பட்டினியால் இறந்த மான்களை அந்நாட்டார் கண்டிருக்கின்றனர். புதிய உணவுக்கு நுண்ணுயிர்கள் இசைவுற இரண்டு மூன்று வாரம் வேண்டும். பசியின் எல்லையில் நிற்கும் விலங்குக்கு அவ்வளவு தவணை கிடையாது.

வேறு கேடுகளும் உள. ஓரிடத்தில் தீனி கொட்டினால் சுற்றிலுமுள்ள மான்களெல்லாம் அங்கே கூடும். கூடினால் வலியவை மெலியவற்றை முன்காலால் உதைத்து விரட்டும். யாருக்காக இரங்கினோமோ அந்தக் கன்றுக்கே கிடையாது. புகலிடச் சோலையை விட்டு ஆழ்ந்த பனியில் நெடுந்தூரம் நடந்துவர, உண்டதைவிடச் செலவு மிகும். தெருவைக் கடக்கையில் வாகனத்தில் அடிபடும். எல்லாவற்றிலும் கொடியது நோய். 1967ஆம் ஆண்டில், கொலராடோ மாநிலத்திலே வேலியடைப்பில் வளர்த்த மான்களில் முதன்முதல் அறியப்பட்ட மெலிவு நோய் ஒன்று, இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிற் பரவியிருக்கிறது. உருத்திரிந்த ஒருவகைப் புரதம் மூளையைத் துளைத்துக் கெடுப்பதால் வருவது, மருந்தில்லை, பிழைத்த மான் இல்லை. உமிழ்நீராலும் சிறுநீராலும் அது பரவுகிறது. மண்ணிற் பல ஆண்டு தங்குகிறது. பல மான்கள் ஒரே தொட்டியில் வாய்வைப்பதைவிட அதற்கு வேறென்ன வழி வேண்டும்? ஆகையாலேயே வெர்மொன்ற் மாநிலத்தில் மானுக்குத் தீனி போடுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது.

நான் வாளியைத் திரும்பக் கொண்டுபோய்ச் சாக்கிற் கொட்டினேன். பேர்த்தி அன்றிரவு என்னோடு பேசவில்லை.

“அப்படியானால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா?” என்று மறுநாள் அம்மையாரைக் கேட்டேன். உண்டு என்றார். நாயைக் கட்டி வையுங்கள்; ஆழ்ந்த பனியில் நாய் ஒருமுறை துரத்தினால், ஒரு வாரச் சேமிப்புப் போய்விடும். சோலைக்குள் நடக்காதீர்கள். பறவைகளுக்கு வைக்கும் தானியத்தை மானுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். விறகுக்கு மரம் வெட்டவேண்டுமானால் கோடைவரை காத்திராமல் இப்பொழுதே வெட்டி, நுனிக் கொப்புகளைக் கிடந்த இடத்தில் விட்டுவிடுங்கள். அது அவற்றின் வயிறு அறிந்த உணவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எம்லொக் மரங்களை ஒருபோதும் விற்காதீர்கள். என் மருமகன் வளவின் எல்லையில் விறகுக்கென்று குறித்திருந்த இரண்டு மேப்பிள் மரங்களை அந்த வாரமே வீழ்த்தினார். இரண்டாம் நாளிரவு மான்கள் அங்கு வந்தன. காலையிற் பார்த்தால் கொப்பின் நுனிகளெல்லாம் நார்நாராய்க் கிழிந்திருந்தன.

பார்க்கும் முறையையும் அவரே கற்பித்தார். அறையின் விளக்கை அணைத்துவிட்டு, யன்னலிலிருந்து ஓரடி உள்ளே இருக்கவேண்டும். மான் செந்நிறத்தைத் தெளிவாகக் காண்பதில்லை; நீலத்தை நன்கு காணும்; எந்நிறமாயினும் சிறு அசைவைத் தவறவிடாது. கண்ணைவிட மூக்கும் செவியும் கூர்மையானவை. ஆகவே கதவைத் திறவாதிருத்தலே சிறந்த மரியாதை. அது நம்மைக் கண்டு வாலை உயர்த்தி ஓடிற்றானால், நம் ஒரு நிமிட இன்பத்துக்கு அது தன் கொழுப்பிலிருந்து விலை கொடுக்கிறது.

பங்குனி பிறந்தது. பகல் நீண்டது, ஆனால் பனி குறையவில்லை. பகலில் மேற்பரப்பு உருகி இரவில் உறைந்து ஓடுபோலாயிற்று. மானின் கூரிய குளம்பு அந்த ஓட்டை உடைத்துக்கொண்டு ஆழப் புதைந்தது. கொயோற்றியின் அகன்ற பாதத்தை அதே ஓடு தாங்கிற்று. என் கொப்பியில் 70 புள்ளிகள் ஏறின. ஒரு மாலை நான்கு மான்களே வந்தன. மறுநாளும் நான்கே.

மூன்றாம் நாள் அம்மையாரும் மருமகனும் சோலையின் ஓரத்திற் கிழிசெவியைக் கண்டெடுத்தனர். எம்லொக் மரத்தடியில் கால்களை மடித்துப் படுத்தபடியே இருந்தது. பல்லின் காயம் இல்லை. அம்மையார் தொடையெலும்பை உடைத்து எங்களுக்குக் காட்டினார். நல்ல மானின் எலும்புச்சோறு வெண்ணெய்போல் வெளுத்து இறுகியிருக்கும். இதனுடையதோ செந்நிறமாய்ப் பாகுபோல் நெகிழ்ந்திருந்தது. தோலின் கீழுள்ள கொழுப்பும் வயிற்றைச் சூழ்ந்த கொழுப்பும் தீர்ந்தபின், உடல் கடைசியாகத் தொடுவது எலும்புக்குள் இருக்கும் கொழுப்பையே. அதுவும் தீர்ந்திருந்தது.

நேயர்களே, அன்று என் மனத்தில் எழுந்த எண்ணத்தை மறைக்காது சொல்கிறேன். அந்த வாளி சோளத்தைக் கொடுத்திருந்தால் என்ன? எப்படியும் இறந்த கன்றுதானே, பசியாறியாவது இறந்திருக்குமே! அம்மையாரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. “ஐயா, அந்தச் சோளத்தை அது மட்டுமா தின்றிருக்கும்? முதலில் தாய் தின்றிருக்கும். அதன் வயிற்றில் இப்பொழுது இரண்டு கன்றுகள் இருக்கின்றன” என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. பேர்த்திக்கு அதை எடுத்துச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவள் கேட்டுவிட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, “மற்றக் குட்டி இருக்குத்தானே, அம்மப்பா?” என்றாள். இருந்தது.

அந்த ஊரின் பழைய வரலாற்றை அறிந்தபோது மற்றொரு செய்தி தெளிவாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெர்மொன்றின் காடுகளிற் பெரும்பகுதியை ஆட்டுப் பண்ணைகளுக்காக வெட்டினர். புகலிடச் சோலைகள் போயின, வேட்டைக்கு வரம்பில்லை, மான் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. 1865ஆம் ஆண்டில் மான் வேட்டை முற்றாகத் தடுக்கப்பட்டது. 1878ஆம் ஆண்டில் அயல் மாநிலமாகிய நியூ யோர்க்கிலிருந்து 17 மான்களைக் கொண்டுவந்து விட்டனர். கைவிடப்பட்ட பண்ணைகளில் காடு மீண்டும் வளர, மானும் பெருகிற்று. 1897ஆம் ஆண்டில் வரையறையோடு வேட்டை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இன்று அம்மாநிலத்தின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காடு. மான்களோ ஓர் இலட்சத்துக்கு மேல். அவற்றை மீட்டுத் தந்தவை காடும் சட்டமும் காலமுமே. வாளியில் அள்ளிய தானியமன்று.

சித்திரை நடுவில் சரிவின் தென்முகத்திற் பனி கரைந்து முதற் புல் தலைகாட்டிற்று. நான்கு மான்களும் பட்டப்பகலிலேயே வெளியே வந்து மேய்ந்தன. சாம்பல் உரோமம் கொத்துக் கொத்தாய் உதிர்ந்து, திட்டுத் திட்டாய்ச் செந்நிறம் தெரிந்தது. எஞ்சிய கன்று மெலிந்திருந்தாலும் துள்ளிற்று. நான் நாடு திரும்பும் நாள் அண்மித்துவிட்டது. வைகாசியில் என் மகள் எழுதியிருந்தாள்: மூத்த மான் அப்பிள் மரத்தடிக்கு இரண்டு புள்ளிக் கன்றுகளோடு வந்ததாம்.

திரும்பி வந்தபின் ஒருமுறை திருகோணமலைக்குப் போனேன். கோட்டை வழியில் ஒரு குடும்பத்தினர் மானொன்றுக்கு மாச்சில்லு ஊட்டிக்கொண்டிருந்தனர். சிறு பிள்ளையின் முகத்தில் என் பேர்த்தியின் முகத்திற் கண்ட அதே அன்பு. பக்கத்தில், தின்பண்டம் வந்த பொலித்தீன் பை ஒன்று காற்றில் உருண்டது. மற்றொரு மான் அதன் உப்புச்சுவைக்காக அதனை நக்கிக்கொண்டு நின்றது. அத்தகைய பைகளை விழுங்கி அங்குள்ள மான்கள் இறந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அங்கே பனி இல்லை, பங்குனிப் பட்டினியும் இல்லை. ஆயினும் புள்ளிமானுக்கும் உள்ளது நான்கறை வயிறே. மாவும் சீனியும் அதற்கும் பொருந்தா.

நான் அந்தப் பையை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தத் தகப்பனாரிடம் சென்று, “தம்பி, ஒரு கதை சொல்லட்டுமா?” என்று கேட்டேன். அவர் பொறுமையோடு கேட்டார். பிள்ளை மாச்சில்லைத் தானே தின்றது. மான் சற்றுநேரம் எங்களைப் பார்த்துவிட்டு, மரத்தடிக்குச் சென்று உதிர்ந்து கிடந்த சருகுகளை மேயத் தொடங்கிற்று.